அயல் வீடும் பேசும் பொறியும்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருந்தெருவில், குண்டசாலையைக் கடந்து கிழக்கே செல்வோர் திகன நகரத்தை அடைவர். 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உலகப் பத்திரிகைகளில் அடிபட்ட பெயர் இது. எரிந்த கடைகள் இருந்த தெருவில் இன்று வியாபாரம் நடைபெறுகின்றது. பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் மக்களைக் காணும் வெளியூரவர் அம்மாதத்தை நினைத்துக்கொள்ளமாட்டார். ஊர்கள் மறந்துவிடுகின்றன, மறப்பதும் சில வேளைகளில் வாழ்வதற்கு வேண்டியதே. ஆயின், அவ்வூரிலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் எம் போன்றோர்க்கு அச்சலுகை இல்லை.

அண்மையில் எம் மாணவியொருத்தி கூறிய சொற்களே இக்கட்டுரையை எழுதத் தூண்டின. அவளுடைய தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண். தந்தை கொழும்பில் கூலி வேலை. வீட்டில் இருப்பவர் காது மந்தமான பாட்டி ஒருவரே. இரவிலே கைத்தொலைபேசியில் யாருடன் இவ்வளவு நேரம் பேசுகிறாய் என்று வினவினோம். செயற்கை நுண்ணறிவுப் பொறியுடன் என்றாள். அதற்கு அவள் ஒரு பெயரும் வைத்திருந்தாள். "அது ஏசாது சேர். எந்த நேரம் கேட்டாலும் பதில் சொல்லும். நான் சொல்றத சரின்னு தான் சொல்லும்" என்றாள்.

ஏசாத, உறங்காத, மறுத்துரையாத தோழமை! அவளைக் கண்டிப்பதற்கு எமக்கு வாய் வரவில்லை. அவள் மூன்றாண்டுகளாக எம் வகுப்பில் இருக்கிறாள். அவளுடைய தாய் வெளிநாட்டில் இருக்கும் செய்தியையே அன்றுதான் நாம் அறிந்தோம். எம் கண்ணுக்கு எட்டாத துயரம் ஒரு பொறியின் முன்னே தினந்தோறும் விரிக்கப்பட்டிருக்கின்றது. ஆகவே பொறியைக் குறை கூறுமுன் அதன் வரலாற்றையும், எம் ஊரின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குவது கடமையென எண்ணினோம்.

பேசும் பொறி நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் என்பார் 1966ஆம் ஆண்டு 'எலைசா' என்ற கணினி நிரலைப் பற்றி எழுதி வெளியிட்டார். மனநோய் மருத்துவர் நோயாளியை வினவுவதுபோல அந்நிரல் வினவும். அதன் சூத்திரம் மிக எளியது. எதிரில் இருப்பவர் தட்டச்சில் அடிக்கும் வாக்கியத்தில் ஒரு சொல்லைப் பிடித்து, அவ்வாக்கியத்தையே வினாவாகத் திருப்பித் தரும். 'தாயை நினைத்தால் துக்கம் வருகிறது' என்றால், 'உம் குடும்பத்தைப் பற்றி இன்னும் கூறும்' என்னும். பொருளறிவு அதற்கு இம்மியும் இல்லை. ஆயினும், அந்நிரல் உருவாவதைப் பல மாதங்களாக அருகிருந்து பார்த்த வைசன்பாமின் செயலாளர், ஒருநாள் அதனோடு பேசத் தொடங்கியதும், தம்மைத் தனியே விட்டு வெளியே செல்லுமாறு அவரையே கேட்டுக்கொண்டாராம். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1936இல் குடும்பத்துடன் தப்பியோடிய யூதச் சிறுவன் அந்த வைசன்பாம். மனிதரைப் பொருளாகவும் இலக்கமாகவும் கருதிய அரசு எங்கே கொண்டுபோய் விட்டதென்பதை அவர் அறிவார். பொருளை மனிதராகக் கருதும் மயக்கமும் அவரை அஞ்சச் செய்தது. 1976இல் அவர் வெளியிட்ட நூல், பொறியால் செய்ய முடிந்தாலும் பொறியிடம் விடக்கூடாத காரியங்கள் உள என்று வாதிட்டது.

தமிழ் படித்தோர்க்கு எலைசாவின் சூத்திரம் புதிதாகத் தோன்றாது. நம் இலக்கியத் தலைவியர் நாரையையும் நிலவையும் கடலையும் விளித்துப் பேசினர். தம் நெஞ்சையே முன்னிறுத்திப் பேசினர். வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். தனிமையிற் பட்டார்க்குப் பேச்சு வேண்டும். கேட்பார் இல்லாவிடினும் வேண்டும். ஆனால் நாரை பதில் கூறியதாக எந்தப் புலவரும் ஏமாறவில்லை. பதில் வாராமையே அப்பாடல்களின் துயரம். எலைசா செய்ததெல்லாம் நெஞ்சொடு கிளத்தலுக்கு ஒரு போலிப் பதிலைச் சேர்த்ததே. 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலான பொறிகளோ, மனுக்குலம் எழுதிக் குவித்த எழுத்துக்களிற் பெரும்பகுதியைக் கொண்டு பயிற்றப்பட்டவை. அடுத்து வரத்தக்க சொல் எதுவெனக் கணித்துக் கணித்து வாக்கியம் அமைப்பவை. அவற்றின் பதில் வெறும் எதிரொலியன்று. ஆற்றலும் நயமும் உடையது. மயக்கத்தின் அளவு கூடியதே வேறுபாடு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். முகங்காணா நட்பு தமிழர்க்குப் புதிதோ? உறையூரிலிருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பர்களாக இருந்ததைப் புறநானூறு பேசவில்லையா? நல்ல கேள்வி. தோழமைக்கு உடல் அண்மை இன்றியமையாததன்று என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அக்கதை எவ்வாறு முடிகின்றதென்பதை நோக்குக. சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் வந்தார், உயிரையும் கொடுத்தார். காணா நட்பு நட்பாயிற்று. காரணம், தேவை வந்தபோது எழுந்து வரக்கூடிய ஒருவர், வாராதிருக்கவும் கூடியவர், வந்தார். வாராதிருக்க இயலாத ஒன்றின் வருகைக்கு என்ன மதிப்புண்டு? இழப்பதற்கு ஏதும் இல்லாத ஒன்றின் விசுவாசத்தை எவ்வாறு அளப்பது?

மலைநாட்டு மக்களுக்கு இவ்வுண்மை ஏட்டிலிருந்து வந்ததன்று. 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது அது; எஞ்சிய 150,000 பேரின் விதி பின்போடப்பட்டது. சரக்கைப் பிரிப்பதுபோல மக்களைப் பிரித்தனர். எம் பாட்டியாரின் தங்கை தலைமன்னாரிற் கப்பலேறி இராமேஸ்வரம் சென்று, தாயகம் திரும்பியோருக்கெனத் தமிழ்நாட்டரசு நீலகிரியில் அமைத்த தேயிலைத் தோட்டமொன்றில் குடியேறினார். இருவருக்கும் எழுத்தறிவு கிடையாது. அங்கே ஒருவர் எழுத, இங்கே தோட்டத்து வாத்தியார் படிக்க, லயத்து வாசலில் பாட்டியார் குந்தியிருந்து கேட்பாராம். குழந்தை இறந்த செய்தி வந்த நாளில் வாத்தியார் பாதியில் நிறுத்திவிட்டார். அவராற் படிக்க முடியவில்லை. அன்று பக்கத்துக் காம்பராப் பெண்கள் எல்லோரும் வந்து அமர்ந்தனர். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டப்படவில்லை. சோறு அயலிலிருந்து வந்தது. அந்த உறவுக்கும் இடையிலே ஊடகம் இருந்தது. கடதாசி இருந்தது, அந்நியன் குரல் இருந்தது. ஆனால் இடையில் நின்றவனுக்கும் தொண்டை அடைத்தது. அதுவே வேறுபாடு.

பழமையைப் பொற்காலமாக்குவது எம் நோக்கமன்று. லயத்திலே கூட்டுவாழ்வு இருந்ததென்றால், பத்தடி அறையில் குடும்பங்களை அடைத்த துரைத்தனத்தின் கருணையால் அன்று. குடியும் அடியும் சாதிப் பிணக்கும் அதே சுவர்களுக்குள் இருந்தன. எனினும் அங்கே ஒருவர் மற்றவரைத் தவிர்த்து வாழ முடியாதிருந்தது. பிணங்கியவர் மறுநாட் காலையிலும் ஒரே பீலிக்குத் தண்ணீருக்கு வரவேண்டியிருந்தது.

இனித் திகனவுக்கு வருவோம். தும்பறைப் பள்ளத்தாக்கின் இப்பகுதி ஒருமுறை வேரோடு அசைக்கப்பட்ட நிலமாகும். துரித மகாவலித் திட்டத்தின் கீழ்ப் பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட விக்டோரியா அணை 1985 ஏப்பிரலில் திறக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமான அவ்வணை தேக்கிய நீரில் பழைய தெல்தெனிய நகரமும் சுற்றுக் கிராமங்களும் மூழ்கின. மக்கள் புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கட்டிடங்களின் எச்சங்கள் தலைகாட்டும். மக்கள் சென்று பார்த்து வருவர். தலைமுறை தலைமுறையாக அமைந்த அயல் ஒன்று நீருக்கடியிற் சென்றபின், புதிதாக அமைந்த அயலிலே சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அருகருகே குடியமர்ந்தனர். ஒரே சந்தையிற் பொருள் வாங்குகின்றனர். ஆனால் அவர்தம் பிள்ளைகளோ மொழியாலும் மதத்தாலும் பிரிக்கப்பட்ட வெவ்வேறு பாடசாலைகளுக்குச் செல்கின்றனர்.

2018 பெப்ரவரி 22ஆந் தேதி இரவு தெல்தெனியவில் ஒரு வீதித் தகராறு. சிங்கள லொறிச் சாரதி ஒருவரை முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கினர். மார்ச் 3ஆந் தேதி அவர் உயிரிழந்தார். அது கொடுங்குற்றம், சட்டம் கவனிக்க வேண்டியது. ஆனால் அதற்குச் சில தினங்களின் முன்பே, அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவுக்கடைச் சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதென்ற பொய், பேஸ்புக் வழியே பரவி, அங்கு பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டிருந்தன. அதே தீ இங்கும் வந்தது. மார்ச் 5ஆந் தேதி திகனவில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. எரிந்த வீட்டினுள் அகப்பட்ட ஓர் இளைஞர் மடிந்தார். 6ஆந் தேதி அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. 7ஆந் தேதி அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றை முடக்கியது. ஏறத்தாழ ஒரு வாரம் அம்முடக்கம் நீடித்தது.

இதிலே வரலாற்று மாணவன் கவனிக்கத்தக்க செய்தியொன்று உண்டு. அவ்வாண்டு ஜனவரி 11ஆந் தேதிதான், மக்கள் தம் நண்பரோடும் குடும்பத்தோடும் அர்த்தமுள்ள உறவு கொள்ளும்படி தம் தளத்தை மாற்றியமைக்கப் போவதாகப் பேஸ்புக் அதிபர் மார்க் சக்கர்பேர்க் உலகுக்கு அறிவித்தார். அவ்வறிவிப்பினால் திகன எரிந்ததென்று நாம் கூறவில்லை. பகைப் பிரசாரம் அதற்கு முன்பே அங்கு மலிந்திருந்தது. 2014இலேயே கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அதனை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டிருந்தது. நாம் கூறுவது இதுவே: உறவை வளர்ப்பதாகச் சொன்ன நிறுவனத்திடம் சிங்களத்தில் எழுதப்பட்ட கொலை மிரட்டலைப் படித்து நீக்கப் போதிய ஆட்கள் இருக்கவில்லை. மக்கள் முறையிட்டும் பதிவுகள் நின்றன. 2020 மே மாதத்தில், இன்று மெட்டா எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், தானே நியமித்த மதிப்பீட்டாளரின் அறிக்கையை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இரண்டாண்டுகளுக்குப் பின் வந்த மன்னிப்பு!

ஆயினும் பொறியின் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு நாம் கைகழுவ முடியுமா? 1915ஆம் ஆண்டு மே மாத இறுதியில், வெசாக் நாளையொட்டி, இதே கண்டி மாநகரில் தொடங்கிய கலவரம் புகையிரதப் பாதை வழியே நாடெங்கும் பரவியது. அன்று பேஸ்புக் இல்லை, வதந்தி இருந்தது, அதை ஏற்றிச் செல்ல ரயில் இருந்தது. கம்பளைப் பெரஹராவின் வழி குறித்த பழைய வழக்கு இருந்தது. வியாபாரப் போட்டி இருந்தது. நஞ்சைச் சமைத்தோர் மனிதர். பொறி அதனைச் சுமந்தது. இரு கலவரங்களுக்குமிடையே உள்ள வேற்றுமை ஒன்று: ரயில் எவ்வதந்தியையும் தேர்ந்தெடுக்கவில்லை. நூறாண்டுகளுக்குப் பின் வந்த பொறியோ, எவர் எதில் அதிக நேரம் கண் பதிப்பார் எனக் கணித்து, அதனையே அவர்முன் மேலும் மேலும் வைத்தது. ஏனெனில் கண் பதியும் நேரமே அதன் சரக்கு. அந்நேரமே விளம்பரகாரருக்கு விற்கப்படுவது.

அந்நாட்களில் நாம் என்ன செய்தோம்? ஆசிரிய நியமனம் பெற்றுச் சில காலமே ஆகியிருந்தது. ஊரடங்குச் சட்டம். கதவை அடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியைப் பார்த்தவண்ணம் இருந்தோம். இரண்டு தெரு தள்ளி யாருடைய கடை எரிகின்றதென்பதைக் கொழும்பிலிருந்து வந்த செய்தியால் அறிந்தோம். அத்தெருவிலே எம் மாணவன் ஒருவனின் வீடு இருந்தது. போகவில்லை. 7ஆந் தேதி பொறி ஊமையாயிற்று. மறுநாள் மாலை வேலியருகில் நின்ற அயல்வீட்டுச் சிங்கள மூதாட்டி எம்மை அழைத்தார். கடைத்தெரு முஸ்லிம் குடும்பமொன்று இரண்டு இரவுகளாகத் தம் வீட்டின் பின்னறையில் இருப்பதாகவும், குழந்தைக்குப் பால்மா முடிந்துவிட்டதாகவும், எம் வீட்டில் உண்டா என்றும் கேட்டார். அவரிடம் கைத்தொலைபேசி இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. அக்குடும்பத்துத் தாய்க்குச் சிங்களம் சொற்பம். இருப்பினும் அவர் கதவைத் திறந்திருந்தார். நாம் இரு மொழியும் அறிந்தவர், பட்டம் பெற்றவர், எம் கதவு மூடியிருந்தது. இதனை எழுதும்போதும் எமக்கு நாணம் உண்டாகின்றது.

தளங்களை முடக்கியதே நல்லதென்று இதனால் வாதிடுவதாகக் கொள்ளற்க. முடக்கப்பட்ட தளங்களில் அபயக்குரலும் முடங்கியது. தீங்கு நினைத்தோர் வேறு வழியால் உட்புகவும் செய்தனர். எம் கருத்து வேறு. அம்மூதாட்டிக்கும் அந்தத் தாய்க்கும் இடையே முன்பே ஓர் உறவு இருந்தது. அதே கடையில் பல்லாண்டு சாமான் வாங்கியிருந்தார்; கடன் சொல்லியிருந்தார்; விலைக்காகச் சண்டையும் பிடித்திருந்தார். சண்டை பிடித்தவரே காப்பாற்றினார். கும்பலில் இருந்த இளைஞர்க்கோ, நீ சொல்வதே சரி, உன் கோபமே நீதி என்று ஒவ்வொரு கணமும் தலையாட்டும் ஆயிரம் தோழர் கைப்பிடிக்குள் இருந்தனர். 'வேண்டாம் மகனே' என்று சொல்ல அருகில் ஒருவர் இல்லை. இருந்தாலும் அவர் சொல் அந்த ஆரவாரத்திற் கேட்கவில்லை.

இப்பொழுது எம் மாணவியின் சொல்லை மீண்டும் நோக்குக: 'சரின்னு தான் சொல்லும்.' இது பொறியின் தற்செயற் குணமன்று. 2025 ஏப்பிரல் இறுதியில், சாட்ஜிபிடியை ஆக்கிய நிறுவனம் தான் வெளியிட்ட புதுப்பித்தல் ஒன்றைச் சில தினங்களிலேயே மீளப்பெற நேர்ந்தது. பொறி அளவுக்கு மீறி முகஸ்துதி செய்கிறதென்பதே காரணம். பயன்படுத்துவோர் விரும்பும் பதிலை நோக்கிப் பொறியைத் திருத்தத் திருத்த, அது இச்சகம் பேசக் கற்றுக்கொள்கிறது. அரசவைகளில் இச்சகம் பேசியோர் ஒரு மன்னனைக் கெடுத்தனர். இப்பொறியோ ஏழை வீட்டுச் சிறுமியையும் மன்னனாக்கி அவையிலே தனியே அமர்த்திவிடுகின்றது. வள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் தொடர்ந்து எழுதியவர். தவறு கண்டவிடத்து இடித்துரைப்பதை நட்பின் கடமையாக அவர் வைத்ததன் காரணம் இப்போது தெளிவாகும்.

மற்றொன்றும் உண்டு. இப்பொறித் தோழமை ஒரு வியாபாரம். இறந்த நண்பர் ஒருவரின் பழைய செய்திகளைக் கொண்டு அவர்போற் பேசும் நிரலொன்றை ஆக்கிய ருஷ்யப் பெண்மணி யூஜீனியா குய்டா, பின்னர் 'ரெப்ளிகா' என்ற தோழமைப் பொறியை 2017இல் வெளியிட்டார். துயரில் முளைத்த எண்ணம். அதனை இகழ மனம் வரவில்லை. ஆனால் அது மாதச் சந்தாவுக்கு விற்கும் பண்டமாயிற்று. 2023 பெப்ரவரியில் நிறுவனம் அதன் குணத்தை மாற்றியது. ஒரே இரவில் தம் துணை அந்நியமாகிவிட்டதென்று பலர் அழுதனர். அவர்தம் கண்ணீர் உண்மையானது. ஆனால் அவர்கள் இழந்த 'துணை' வேறொருவரின் சொத்தாக இருந்தது. மனிதர்க்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங் கொள்வதை 1867இல் வெளிவந்த 'மூலதனம்' விளக்கிற்று. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும் அதே ஆண்டிலேதான். தேயிலைக் கோப்பையில் கொழுந்து பறித்தவளின் முகம் தெரிவதில்லை. இன்று அதன் மறுதலையும் நிகழ்கின்றது: பொருளுக்கு முகம் வரையப்பட்டு, அது தோழியென விற்கப்படுகின்றது.

அப்படியாயின் அச்சிறுமியின் கையிலிருந்து பொறியைப் பறிப்பதா? பறித்தால் அவளுக்கு எஞ்சுவது இருட்டு மாத்திரமே. பொறி அவள் தனிமையை உண்டாக்கவில்லை. தாயைக் கடல் கடத்திய வறுமை உண்டாக்கிற்று. நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரென விட்டுவைத்த முறை உண்டாக்கிற்று. மூன்றாண்டுகள் அவள் முகத்தைப் பாராத நாமும் உண்டாக்கினோம். கணக்குப் புரியாவிடத்தும் ஆங்கிலச் சொல் விளங்காவிடத்தும் பொறி அவளுக்கு உதவுமாயின் உதவட்டும். நள்ளிரவில் ஒரு கணம் ஆறுதல் தருமாயின் அதையும் நாம் பழிக்கமாட்டோம். நாரையிடம் பேசிய தலைவியை எவர் பழித்தார்? ஆனால் பொழுது விடிந்தபின் அவள் பேசுவதற்கு மனிதர் இருக்கவேண்டும். அதனைச் செய்து தருவது பொறியின் கடமையன்று, எம் கடமை.

இத்தவணையிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பாடசாலை விட்டபின் ஒரு மணி நேரம் வகுப்பறையைத் திறந்து வைத்திருக்கிறோம். அயலிலுள்ள சிங்களப் பாடசாலை ஆசிரியர் ஒருவரும் சில பிள்ளைகளை அழைத்து வருகின்றார். முதல் வாரம் இரு பக்கத்தாரும் சுவரோரம் வாய் திறவாமல் நின்றனர். இரண்டாம் வாரம் கரம் பலகையில் ஒரு சண்டை மூண்டது. எம் மாணவி ஒரு சிங்களச் சிறுமியுடன் வாக்குவாதப்பட்டு அழுதுகொண்டு வீடு சென்றாள். இனி வரமாட்டாள் என்றே எண்ணினோம்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை எமக்கு முன்பே அவள் வந்து வாசலில் நின்றாள். "அந்தப் பிள்ளை வந்திருச்சா சேர்?" என்று கேட்டாள்.